புளிச்சோறும் எதிர் இருக்கையும்

மதுரையை விட்டுத் தெற்கே இறங்கும் ரயிலில், ஊரைத் தெரிந்துகொள்ளப் பெயர்ப்பலகை தேவைப்படாத காலம் இருந்தது. வெள்ளரிப்பிஞ்சும் காராச்சேவும் வந்தால் சாத்தூர். கடலைமிட்டாய் வந்தால் கோவில்பட்டி. சுடச்சுடப் போளி வந்தால் கடம்பூர். மதுரைக்கு வடக்கே போனால் கொடைரோட்டில் திராட்சையும் கொய்யாவும், திண்டுக்கல்லைத் தாண்டி மணப்பாறையில் முறுக்கு. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் வியாபாரியின் குரல் கேட்டு எழுந்துவிடும். ஜன்னல் கம்பி வழியே காசு போகும், பொட்டலம் வரும். வண்டி நகர்ந்த பிறகும் கூடவே ஓடிவந்து மீதிச் சில்லறையைக் கையில் திணித்துவிட்டு நின்றுவிடும் வியாபாரியைப் பற்றி, அந்தத் தடத்தில் பயணம் செய்த எந்தக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும்.

இந்தப் பண்டங்களின் புகழுக்கு மண்ணையும் தண்ணீரையும் காரணம் சொல்வது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மணப்பாறையின் நிலத்தடி நீரில் இருக்கும் லேசான உப்புச்சுவை முறுக்கில் இறங்குகிறது என்பார்கள் அதைச் சுடுகிறவர்கள். அரைவேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுக்கும் பக்குவமும் அவர்களுடையது. 2023-இல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-லும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அதற்கு முந்தைய ஆண்டிலும் அந்தத் தகுதியைப் பெற்றுவிட்டன.

ஆனால் நல்ல தண்ணீரும் நல்ல கைப்பக்குவமும் உள்ள ஊர்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் சில மட்டும் ஏன் நாடறிந்த தின்பண்டத்தின் பெயராக மாறின? பாதி விடை ரயில்வே கால அட்டவணையில் இருக்கிறது. நீராவி இன்ஜின் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடும் இயந்திரம். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை அது நின்று தொட்டியை நிரப்பிக்கொண்டாக வேண்டும். இதோடு ஒற்றைப் பாதை வேறு. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட, ஏதாவது ஒரு நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ‘கிராஸிங்குக்குப் போட்டுட்டான்’ என்று பயணிகள் அலுத்துக்கொண்ட அந்தப் பத்து நிமிடம், கால் மணி நேரம்தான் பிளாட்பார வியாபாரத்தின் முதல். சின்ன ஊரில், உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி ஒருவர் நாள் முழுக்கப் போளி தட்ட முடியாது. ஒரே நேரத்தில் பல நூறு பேர் பசியோடும் பொழுதுபோகாமலும் வாசலில் வந்து நின்றால் முடியும்.

எந்தப் பண்டம் எந்த நிலையத்தில் வேர்பிடித்தது என்பதிலும் ஒரு கணக்கு தெரிகிறது. முறுக்கும் கடலைமிட்டாயும் நாள்பட நிற்பவை. தட்டு வேண்டாம், இலை வேண்டாம், வீட்டுக்கும் வாங்கிப் போகலாம். போளியும் வடையும் அப்படி இல்லை. வண்டி வரும் நேரத்துக்குக் கல் காய்ந்திருக்க வேண்டும். பெங்களூரு–மைசூரு பாதையில் பேர் வாங்கிய மத்தூர் வடையின் பிறப்பை 1917-க்குக் கொண்டுபோவார்கள். மத்தூர் நிலையத்தில் பலகாரம் விற்ற ராமச்சந்திர புத்யா, வண்டி வரும் அவசரத்தில் கையில் இருந்த மாவைத் தட்டையாகத் தட்டிப் பொரித்ததில் பிறந்த வடை அது என்பது அங்கே வழங்கும் கதை. ரயிலின் வருகை ஒரு பண்டத்தின் வடிவத்தையே தீர்மானித்ததாக ஒரு ஊரே நம்புவது, அந்த ஊரின் வாழ்க்கையில் ரயில் எவ்வளவு ஆழமாக நுழைந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

பிளாட்பாரத்தில் வாங்கியது நொறுக்குத் தீனி. வயிற்றை நிறைத்தது வீட்டிலிருந்து வந்தது. எவர்சில்வர் தூக்கு, அடுக்கு டிபன் கேரியர், திருகுமூடி போட்ட கூஜா, வாழையிலையில் வைத்து நியூஸ் பேப்பர் சுற்றிய கட்டுச்சோறு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளிச்சோறு, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், ஊறுகாய். இந்தப் பட்டியல் ருசிக்காக மட்டும் அமைந்ததல்ல, இதற்குள் உணவறிவியல் இருக்கிறது. சமைத்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி பெருகி வாந்தியும் பேதியும் வரலாம். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை ஆபத்தான எல்லை என்கிறது உணவுப் பாதுகாப்புத் துறை. மே மாத ரயில்பெட்டி முழுக்க அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் சோற்றின் அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. அந்தப் புளிப்பில் அந்த நுண்ணுயிரி தழைக்க முடிவதில்லை. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுவதில் நீர்ச்சத்து வற்றுகிறது. நல்லெண்ணெயும் எளிதில் சிக்கு வாடை ஏறாத எண்ணெய். அதில் இயல்பாகவே உள்ள சீசமால் போன்ற பொருள்கள் அதைக் காக்கின்றன.

தயிர்ச்சாதம் கட்டுவது இன்னும் நுட்பமான வேலை. அனுபவம் உள்ள கை தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசையும். உறை ஊற்றிய பால் வண்டியிலேயே தயிராகிக்கொண்டு வரும். காலையில் கிளம்பியவர்கள் மதியம் பிரிக்கும்போது புளிப்பேறாமல் பக்குவமாக இருக்கும். எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள், வெயில் எப்படி இருக்கும், எத்தனை கரண்டித் தயிர் போதும் என்று ஒருத்தி மனத்துக்குள் போட்ட கணக்கு அது.

ஒருத்தி என்று இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ரயில் பயணத்தின் இனிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சாப்பிட்டவர்கள். காலை ஆறு மணி வண்டிக்கு இரண்டரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டியவர்களின் நினைவில் அந்தப் பயணம் வேறு மாதிரிதான் பதிந்திருக்கும். குடும்பத்துக்கு விடுமுறை தொடங்கிய நாளில் அவர்களுக்குக் கூடுதல் வேலை தொடங்கியது. இன்று பல வீடுகளில் கட்டுச்சோறு குறைந்துபோனதற்கு வருந்துகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொட்டலம் பிரித்ததும் நடப்பது இரண்டாம் அத்தியாயம். ‘நீங்க எதுவரைக்கும்?’ என்று அதுவரை ஒரு வரியில் நின்றிருந்த பேச்சு, ‘சும்மா எடுத்துக்குங்க, வீட்ல செஞ்சதுதான்’ என்ற இடத்துக்கு வந்ததும் வேகமெடுக்கும். புளிச்சோற்றில் கடலைப்பருப்பா நிலக்கடலையா என்பதில் தொடங்கி, மகள் எந்தக் கல்லூரி, மாமியாருக்கு முழங்கால் வலிக்கு யார் வைத்தியம், ஊரில் இந்த வருஷம் மழை எப்படி என்று போகும். ஒரு குழந்தை எதிர்வரிசைப் பாட்டியின் மடிக்கு மாறியிருக்கும். நடு பெர்த்தைத் தூக்கிக் கட்டும்போது ‘பையன் மேலே ஏறிக்கட்டும், நீங்க கீழே படுங்க’ என்ற விட்டுக்கொடுத்தல் தானாக நடக்கும்.

இதற்கு மேடை அமைத்துக் கொடுத்தது பெட்டியின் வடிவம். சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய நீல நிறத் தூங்கும் வசதிப் பெட்டியில் 72 பேருக்கு இடம். ஒன்பது தடுப்புகள், தடுப்புக்கு எட்டுப் பேர். இந்தப் பக்கம் மூவர், எதிரே மூவர், நடைபாதையைத் தாண்டிப் பக்கவாட்டில் இருவர். பகல் முழுக்க முட்டியோடு முட்டி இடிக்க எட்டுப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு அது. எட்டு என்பது ஒரு குடும்பமும் இன்னொரு குடும்பமும் அடங்கும் அளவு. ஒரே பேச்சை எல்லோரும் கேட்கவும் கலந்துகொள்ளவும் முடிகிற அளவும்கூட.

ஆனாலும் எதிரெதிர் இருக்கை போட்டுவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. ஜெர்மானிய அறிஞர் வோல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1977-இல் வெளிவந்த தமது ரயில் பயண வரலாற்றில் இதற்கு மாறான ஒரு காட்சியைப் பதிவுசெய்கிறார். 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குதிரைவண்டியில் ஊர்க்கதை பேசிக்கொண்டு போன நடுத்தர, மேல்தட்டு மக்கள், ரயில்பெட்டியின் எதிரெதிர் இருக்கைக்கு வந்ததும் பேச்சிழந்து போனார்கள். அந்நியர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க நேர்ந்த சங்கடத்திலிருந்து தப்பப் புத்தகத்துக்குள் ஒளிந்தார்கள். நிலையங்களில் புத்தகக் கடைகள் பெருகின. அதே காலத்தில் ஏழைகள் நெருக்கியடித்துச் சென்ற பெட்டிகளில் பேச்சும் சிரிப்பும் குறையவே இல்லை. இருக்கை ஒன்றுதான், விளைவு இரண்டு. நம் பெட்டிகளில் அந்தச் சங்கடத்தை உடைத்ததில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு உண்டு என்பதுதான் இந்தக் கட்டுரையின் துணிபு. எதிரே ஒருவர் பார்த்திருக்கத் தான் மட்டும் தின்பது தகாது என்ற மரபு, கையை நீட்ட வைக்கிறது. நீட்டிய கை பேச்சைத் திறக்கிறது.

அந்த மரபுக்கு ஒரு மறுபக்கம் இருந்ததை மறைத்துவிட்டு இதைச் சொல்வது நேர்மையாகாது. யாரோடு உண்ணலாம், யார் கையால் தண்ணீர் வாங்கலாம் என்பதில் கறாராக இருந்த சமூகம் இது. வடக்கே நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று தனித்தனிப் பானைகளும் தனித்தனி ஆட்களும் இருந்தார்கள். தெற்கே ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்கு ஒரு பகுதி, மற்றவர்களுக்கு ஒரு பகுதி. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் இதை விடாமல் எதிர்த்தார்கள். 1941-இல் அந்தப் பிரிவினை ரயில் நிலையங்களிலிருந்து நீங்கியது. முன்பின் தெரியாத ஒருவர் நீட்டும் புளிச்சோற்றைக் கூச்சமின்றி வாங்கித் தின்னும் பழக்கத்துக்குப் பின்னால் இந்தப் போராட்டமும் இருக்கிறது.

அசுத்தமும் அந்த வரலாற்றின் பகுதிதான். காந்தி 1917-இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பம்பாயிலிருந்து சென்னைக்குத் தாம் வந்த பயணத்தை அதில் விவரித்தார். பெட்டியில் அடைக்கப்பட்ட கூட்டத்தையும், கழிப்பறையின் நிலையையும், தேநீர் என்று விற்கப்பட்ட திரவத்தையும், ஈ மொய்த்த பண்டங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல்தான் ஒழிந்தது. பழைய பயணம் எல்லாம் பொற்காலம் என்று எண்ணுகிறவர்கள் அந்தச் சிறு நூலைப் படிப்பது நல்லது.

அந்நியரோடு பேசுவதால் என்ன கிடைக்கிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தது. அன்றாடம் புறநகர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் ஒரு பிரிவினரைப் பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேசச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவினரை வழக்கம்போல் விட்டுவிட்டார்கள். பேசியவர்களே அதிக இன்பமான பயணம் என்று தெரிவித்தார்கள். ஆனால் இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று ஊகிக்கச் சொன்ன மற்றொரு குழுவினர், தனிமைதான் இன்பம் தரும் என்று நேர்மாறாகச் சொன்னார்கள். மற்றவருக்கு நம்மோடு பேச விருப்பம் இருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதால் யாருமே வாய் திறப்பதில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு. முதல் வார்த்தைக்கு ஒரு சாக்கு வேண்டும். நம் ரயில்களில் அந்தச் சாக்கு நெடுங்காலம் தூக்குச்சட்டியில் இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டம் மீட்டர் கேஜ் தடங்களை அகலப் பாதையாக்கியது. பிறகு மின்மயம் வந்தது, இரட்டைப் பாதை வந்தது. தண்ணீருக்கு நிற்பதும் கிராஸிங்குக்கு நிற்பதும் போயின. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் ஊர் சேர்க்கிறது. மருத்துவமனைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அது மணப்பாறையிலோ கடம்பூரிலோ நிற்பதில்லை. நின்றாலும் ஜன்னல் திறக்காது. உணவு இருக்கைக்கே தட்டில் வருகிறது. பெரும்பாலான இருக்கைகள் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தபடி வரிசையாக இருக்கின்றன. சாதாரணப் பெட்டிகளில் எதிரெதிர் இருக்கை இன்னும் இருக்கிறது, ஆனால் எட்டுப் பேரும் எட்டு கைபேசித் திரைகளைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் நம்பிக்கை சார்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கும் தின்பண்டங்களை வாங்காதீர்கள் என்று நிலையங்களில் அறிவிப்புச் செய்கிறார்கள். மயக்க மருந்து கலந்த பிஸ்கட்டைக் கொடுத்து நகையைப் பறித்த குற்றங்கள் நடந்திருப்பதால் அந்த எச்சரிக்கை அவசியமானதுதான். ஆனாலும் ஒரு தலைமுறைக்கு ‘எடுத்துக்குங்க’ என்று கற்றுக்கொடுத்த ரயில், அடுத்த தலைமுறைக்கு ‘வாங்காதே’ என்று கற்றுக்கொடுக்கிறது. பழைய பழக்கம் முழுதும் மறையவில்லை என்பதைப் பகல் நேரப் பாசஞ்சர் வண்டியில் ஏறுகிறவர்கள் காணலாம். பெண்களும் பாட்டிமார்களும் இருக்கும் தடுப்பில் கொய்யாப்பழம் இன்றும் கைமாறுகிறது.

பயணமே பொழுதுபோக்காக இருக்கும் தடங்களும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். மலை ரயில் ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இந்த வண்டி, தண்ணீர் பிடிக்க இன்றும் நடுவழியில் நின்றாக வேண்டும். ஹில்குரோவ் நிலையத்தில் எல்லோரும் இறங்கித் தேநீரும் பலகாரமும் வாங்குகிறார்கள், குரங்குகளிடமிருந்து பொட்டலத்தைக் காப்பாற்றுகிறார்கள், முன்பின் தெரியாதவரிடம் கேமராவைக் கொடுத்துக் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே யாரும் தாமதம் என்று முணுமுணுப்பதில்லை. நிற்பதற்கு நேரம் கொடுத்தால் தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்யும் என்பதை அந்த நிலையத்தில் நேரில் பார்க்கலாம்.

கடல் கடந்தும் இதே கதை உண்டு. கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்து 1956-இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, ஈழத்தமிழர் குடும்பங்களின் விடுமுறை வண்டியாக இருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பனங்கிழங்கும் ஒடியலும் பைகளில் வந்தன. 1990-இல் போர் அந்தப் பாதையைத் துண்டித்தது. 2014 அக்டோபரில் வண்டி மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தபோது, ரயிலையே பார்த்திராத ஒரு தலைமுறை பிளாட்பாரத்தில் நின்றது. பெட்டிக்குள் வடைக்கூடையோடு நடக்கும் வியாபாரிகளை இலங்கை ரயில்களில் இன்றும் பார்க்க முடிகிறது.

இந்தியாவில் அந்தக் கூடைக்காரருக்குச் சட்டம் இடம் தருவதில்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் வண்டியிலும் நிலையத்திலும் விற்பது குற்றம். சுகாதாரத்தைக் கருதினால் கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் பெரிய ஒப்பந்ததாரருக்கு எளிதாகக் கிடைக்கும் உரிமம், வீட்டில் போளி தட்டி எடுத்துவரும் ஒரு பெண்ணுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை. 2022-இல் ரயில்வே தொடங்கிய ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டம் உள்ளூர்ப் பொருளுக்கு நிலையத்தில் கடை கொடுக்கிறது. நல்ல திட்டம். ஆனால் கடை பிளாட்பாரத்தில் இருந்து, வண்டி ஒரு நிமிடம் மட்டும் நின்றால் யார் இறங்கி வாங்குவார்கள்?

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பகல் நேர வண்டிகளில் ஒரு சிலவற்றையாவது இந்த ஊர்களில் ஐந்து நிமிடம் நிறுத்தலாம். பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து உள்ளூர்ப் பெண்கள் குழுக்களைப் பெட்டி வாசல்வரை வந்து விற்க அனுமதிக்கலாம். குடும்பமாகப் பயணம் செய்கிறவர்கள் கேட்டுப் பதிவுசெய்யும்படி, புதிய பகல் பெட்டிகளில் சில வரிசைகளையாவது நடுவில் மேசை போட்டு எதிரெதிராக அமைக்கலாம். 72 பேர் உட்காரும் பெட்டியைப் பல்லாண்டுகள் கட்டிக்கொடுத்த அதே சென்னைத் தொழிற்சாலைதான் வந்தே பாரத்தையும் கட்டுகிறது. இந்த மாற்றத்தை வரைய அங்கிருக்கும் பொறியாளர்களுக்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை. கேட்க வேண்டியவர்கள் பயணிகள். ஊர்தோறும் பயணிகள் நலச் சங்கங்கள் கூடுதல் நிறுத்தம் கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த மனுவில் பிளாட்பார வியாபாரிகளுக்கான உரிமத்தையும் எதிரெதிர் இருக்கைகளையும் சேர்த்துக் கேளுங்கள்.